நம் ஊர் ஜன்னலுக்கு ஏற்ற வெளிச்சக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மண் கலவை, உரம், தொட்டியின் அளவு எல்லாம் விரிவாகவே இருந்தன. வெளிச்சத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். தெற்கு ஜன்னலே சிறந்தது, இல்லாவிட்டால் நிழலான எந்த மூலையிலும் வைக்கலாம் என்று. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதன் முன்பாதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பொருந்தாது. பின்பாதியை நம்பி நாங்கள் ஒரு செடியைப் பறிகொடுத்திருக்கிறோம்.

நான் கடலூர் புதுப்பாளையத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். வெளிச்சத்தை அளப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. பேட்டரி தேவைப்படாத, முள் நகரும் பழைய லைட் மீட்டர் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் தலையில் பாதிக் கோலிக்குண்டு போல ஒரு வெள்ளைக் குமிழ் உண்டு. வெளிச்சம் அந்தக் குமிழில் விழுந்தால் முள் ஓர் எண்ணைக் காட்டும். எண் ஒன்று கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு என்று பொருள். ஒன்று குறைந்தால் பாதி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நர்சரியிலிருந்து, வளர வளர இலைகளில் கீறல் விழும் மான்ஸ்டெரா செடி வாங்கி வந்தாள். நிழல் செடி, ஹாலில் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்தோம். பார்க்க அழகாக இருந்தது. வந்த இரண்டு மாதத்தில் புது இலை விட்டது. ஆனால் உள்ளங்கை அளவுதான், ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த இலை அதைவிடச் சிறிது. இலைக்காம்பு மட்டும் ஒட்டடைக் குச்சி போல ஜன்னல் பக்கமாக நீண்டுகொண்டே போனது. தண்ணீர் போதவில்லை என்று என் மனைவி தினமும் ஒரு செம்பு ஊற்றினாள். அடியிலைகள் மஞ்சளாயின. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் பழுப்பேறிக் குழகுழவென்று கையோடு வந்தன. சாக்கடை நாற்றம் அடித்தது.

அன்றைக்குத்தான் மீட்டரை எடுத்தேன். நடுப்பகல். மொட்டை மாடியில் முள் 15-ல் நின்றது. ஹாலின் வடக்கு ஜன்னலுக்கு உட்புறம், வெயில் நேரே படாத இடத்தில், 10. டிவி மூலையில் 6. ஜன்னலிலிருந்து அந்த மூலை பன்னிரண்டு அடிதான், வெளிச்சமோ பதினாறில் ஒரு பங்கு. மொட்டை மாடியோடு ஒப்பிட்டால் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் சொன்னால் மாடியில் ஏறக்குறைய 80,000, ஜன்னலருகே 2,500, மூலையில் 160. அந்த மூலையில் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தாராளமாகப் பத்திரிகை படிப்பேன். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மங்கலான இடத்துக்குப் போனால் நம் கண்மணி விரிந்து ஈடுகட்டிக்கொள்கிறது. இலைக்கு அந்த வசதி கிடையாது. விழுகிற வெளிச்சத்தை வைத்துத்தான் அது சமைத்துச் சாப்பிட வேண்டும்.

மான்ஸ்டெராவின் பூர்விகம் தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள மழைக்காடுகள். நம் வீடுகளில் பாட்டிலில் வளரும் மணி பிளான்ட் பசிபிக் கடலின் மூரியா தீவைச் சேர்ந்தது. இரண்டும் மரத்தைப் பற்றி ஏறும் கொடிகள். காட்டில் அவற்றுக்கு மேலே கிளைகள் உண்டு, கிளைகளுக்கு மேலே திறந்த வானம் உண்டு. சல்லடையில் சலித்தது போன்ற வெயில் நாள் முழுக்க இறங்கிக்கொண்டிருக்கும். அதைத்தான் நிழல் என்கிறோம். டிவி மூலைக்கும் அந்த நிழலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சலித்த வெயிலின் அருமையை எனக்குக் காட்டியது தானே புயல். 2011 டிசம்பர் 30 காலையில் அது இங்கே கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. அந்த ஜன்னலில் எட்டு ஆண்டுகளாக ஒரு மணி பிளான்ட் செழித்திருந்தது. மரம் போன பிறகும் அதை நகர்த்தத் தோன்றவில்லை. பங்குனி பிற்பகல் வெயில் நேராக உள்ளே வந்தது. ஒரே வாரத்தில், கண்ணாடியைப் பார்த்திருந்த இலைகளில் முதலில் வெளிறிய திட்டுகள் வந்தன. பிறகு அவை அப்பளம் பொரிந்தாற்போல் பழுப்பாகிக் காய்ந்தன. ஓர் இலை மற்றோர் இலையை மறைத்திருந்த இடத்தில் மட்டும், மறைத்த இலையின் வடிவம் அப்படியே பச்சையாகப் பதிந்திருந்தது. நெகட்டிவைத் தாளின்மேல் வைத்துப் பிரின்ட் எடுத்ததைப் போல. அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். மரம் சாய்ந்த வீடுகளில் ஜன்னல் வெளிச்சம் முழுவதும் மாறிவிடுகிறது. ஃபெஞ்சல் புயலில் மரங்களை இழந்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, தெற்கு ஜன்னல். வடக்கே உள்ள குளிர் நாடுகளில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானில்தான் நிற்கும். அங்கே அந்த ஆலோசனை சரி. நாம் இருப்பது ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் 21-ஐ ஒட்டி ஒரு முறையும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி ஒரு முறையும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் குச்சியை நட்டு நிழலில்லா நாள் என்று பார்க்கிறார்களே, அதுதான். இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஆகவே சித்திரைக் கடைசி முதல் ஆடி முடிய, காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் விழும். தெற்கு ஜன்னலில் வெயிலே இராது. மார்கழியிலும் தை மாதத்திலும் தலைகீழ், தெற்கு ஜன்னல் வழியே வெயில் தரையில் நன்றாகப் படரும். ஒரே ஜன்னலைச் சிறந்தது என்று நம் ஊரில் எழுதவே முடியாது. என் அனுபவத்தில் கிழக்கு ஜன்னலுக்கு ஈடு இல்லை. காலையில் இரண்டு மணி நேரம் இளவெயில், பிறகு நாள் முழுக்க வான வெளிச்சம். மேற்கு ஜன்னலில் திரை இல்லாமல் இந்தச் செடிகளை வைக்கவே கூடாது, கத்திரி நாள்களில் திரை இருந்தாலும் தள்ளித்தான் வைக்க வேண்டும்.

மீட்டர் எல்லோரிடமும் இருக்காது, தேவையும் இல்லை. பகல் பதினோரு மணிக்கு விளக்குகளை அணைத்துவிட்டு, செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். ஓர் அடி உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல்களின் நிழல் கத்தரித்தாற்போல் கருப்பாக விழுந்தால், மான்ஸ்டெரா, பீஸ் லில்லி போன்றவற்றுக்கு அது அதிகம். விரல்கள் தெரிந்து ஓரம் மட்டும் கலங்கியிருந்தால் அதுவே சரியான இடம். கை இருப்பதே தாளில் தெரியாவிட்டால், அங்கே செடி பட்டினிதான் கிடக்கும். ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் பிளான்ட் என்ற இரண்டு செடிகளும் அத்தகைய இடத்திலும் பல மாதம் தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிப்பது வேறு, வளர்வது வேறு.

தண்ணீரும் வெளிச்சத்தோடு சேர்ந்த கணக்குதான். வெளிச்சம் குறைந்தால் இலை தண்ணீர் இழுப்பதும் குறையும்; ஊற்றுவது தொட்டியிலேயே தங்கி வேரை அழுகச் செய்யும். நான் இப்போது விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்றுகிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து நாளுக்கு ஒரு முறைகூடத் தேவைப்படவில்லை.

எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று அடுக்ககத்தில் குடியிருக்கும் என் தங்கை கேட்டாள். முற்றம் வைத்த வீடுகளும் கண்ணாடி ஓடு பதித்த கூரைகளும் இருந்த நாளில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வானம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. முதலில் கொசுவலையைக் கழற்றிக் கழுவச் சொன்னேன். தூசி அடைந்த வலை வெளிச்சத்தில் பாதியை விழுங்குவதை நானே அளந்திருக்கிறேன். இலைகளையும் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். அதற்கும் மேல் ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒன்றை இலைக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டோம். முள் 6-லிருந்து 9-க்குப் போனது, அதாவது எட்டு மடங்கு. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் மாதம் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அவள் வீட்டு மணி பிளான்ட்டில் கணுக்கள் மறுபடி நெருங்கி வரத் தொடங்கிவிட்டன.

எங்கள் இரண்டாவது மான்ஸ்டெரா வடக்கு ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கிறது. வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்று திருப்புகிறேன். ஐந்தாவது இலை வெற்றிலை போல முழுதாகத்தான் வந்தது. ஆறாவது இலை சுருள் பிரிந்தபோது ஓரத்தில் இரண்டு கீறல்கள் இருந்தன. என் மனைவி அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து பார்த்தாள்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. செடிக் கட்டுரைகளில் வெளிச்சத்தைப் பற்றி எழுதும்போது, நம் ஊரின் மாதங்களையும் ஜன்னல்களையும் வைத்து எழுதச் சொல்லுங்கள். புதுச்சேரி தாவரவியல் பூங்கா 1826-லிருந்து இருக்கிறது. அங்கே மலர், காய், கனிக் கண்காட்சிக்கு வரும் மக்கள் கை நிறையச் செடிகளோடு திரும்புகிறார்கள். அவர்களுக்கும் நர்சரிக்குப் போகிறவர்களுக்கும் செடியோடு ஒரு சிறு அட்டை கிடைக்க வேண்டும், கை நிழல் எப்படி விழும் இடத்தில் வைப்பது என்று எழுதி. இதைத் தாங்கள் வலியுறுத்தினால் கேட்பார்கள். கட்டுரையாளருக்கு அளந்து பார்க்க மீட்டர் தேவைப்பட்டால் என்னுடையதைத் தருகிறேன். முள் இன்னும் சரியாக நகர்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகைப்படக்காரர்,
புதுப்பாளையம், கடலூர்.