கறுப்பு வயர் செய்த வேலை

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் மின்னணுவியல் பழகுவதற்கு எந்த ஜம்பர் வயரை, அதாவது இரு முனையிலும் செருகுமுனை வைத்த ஆயத்த இணைப்பு வயரை, வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். சென்ற வாரம் முழுவதும் நான் அதோடுதான் மல்லுக்கட்டினேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

என் பேரன் செம்பனை நாற்றுப் பைகளின் மண் ஈரத்தை அளக்க, அர்டுயினோ என்னும், நிரல்படி இயங்கும் சிறு மின்னணுச் சுற்றையும் ஈரமானியையும், பற்றவைக்காமல் வயர் செருகும் துளைப் பலகையான பிரெட்போர்டில் இணைத்திருந்தான். தண்ணீர் ஊற்றாமலேயே அளவு ஏறும். மேசையைத் தொட்டால் துள்ளும். நிரலில் பிழை என்று அவன் மூன்று இரவுகள் தேடினான். ஈரமானிதான் கெட்டுவிட்டது என்று நான் சாதித்தேன். இரண்டும் இல்லை. கிரவுண்டு (மின்சாரம் திரும்பும் பொது வழி) இணைப்புக்குப் போட்ட கறுப்பு வயரின் ஒரு முனையில், பிளாஸ்டிக் கூட்டுக்குள், உலோக முனை கம்பி இழைகளைப் பிடிக்காமல் மேலுறையை மட்டும் கவ்வியிருந்தது. பார்வைக்கு வயர் புத்தம் புதியது. இணைப்பு இருந்தால் ஒலிக்கும் மல்டிமீட்டரில் வைத்தேன், ஒலித்தது, முனையை ஆட்டியவுடன் ஒலி நின்றது. அந்தக் கட்டிலிருந்த 40 வயர்களையும் அவ்வாறே ஆட்டிப் பார்த்ததில் மேலும் மூன்று அகப்பட்டன. ஒன்றை உரித்துக் காந்தத்தைக் காட்டினேன். செம்பு நிறத்தில் இருந்த இழைகள் ஒட்டிக்கொண்டன! செம்பு காந்தத்தில் ஒட்டாது, உள்ளே இருந்தது இரும்பு.

ஆகவே பலகைக்குள் அமையும் குறுகிய இணைப்புகளுக்கு ஆயத்த வயர் வேண்டாம். பழைய தொலைபேசிக் கேபிளுக்குள் இருக்கும் 0.5 மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பி போதும். 22 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) கிடைத்தால் 0.64 மில்லிமீட்டர், இன்னும் இறுக்கமாக நிற்கும். துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர் என்பதால், தாண்ட வேண்டிய துளைகளைக் கணக்கிட்டு வெட்டி, இரு முனைகளிலும் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் உரித்து மடக்கினால், கம்பி பலகையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பிழை தேடும்போது வயர்க் காட்டை விலக்க வேண்டியதில்லை. ஈரமானி போல வெளியே அசைபவற்றுக்கு மட்டும் பல இழை வயரே சரி. ஒற்றைக் கம்பி மடங்கி மடங்கி முறிந்துவிடும்.

வீட்டு வயரிங் கம்பியை மட்டும் செருக விடாதே. பழைய வயர்மேன் புத்தியில் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை ஒரு துளையில் அழுத்தியவன் நானேதான். உள்ளிருக்கும் கவ்வி விரிந்துபோய், அத்துளையில் இப்போது மெல்லிய கம்பி எதுவும் நிற்பதில்லை. பேரன் அதற்குச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவைத்திருக்கிறான்.

லயத்து வாசலில் பலகையில் ஆணி அடித்து, வயரைச் சுற்றி நாம் ரேடியோ கட்டியது நினைவிருக்கிறதா? இன்றைய பிரெட்போர்டின் வடிவத்தை அமெரிக்காவில் ரொனால்ட் போர்ச்சுகல் என்பவர் 1971-இல் அமைத்தாராம். நமக்கு அது வந்து சேரவில்லை, ஆணியே கிடைத்தது.

கேபிளில் ஒரு சுருள் உனக்காக எடுத்துவைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு வரும்போது, இரவல் வாங்கிப்போன என் உரிக்கும் குறட்டை மறக்காமல் கொண்டுவா. இப்போது பல்லால்தான் உரிக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய லயத்து நண்பன்