மேடையில் வாசிக்காத நன்றி

அன்புடையீர்,

தமிழ் மரபுத் திங்கள் கண்காட்சி முடிந்து பத்து நாளாகிறது. நிறைவு விழாவில் கையிலிருந்த தாளைப் பார்த்துத்தான் நன்றி சொன்னேன். அனுசரணையாளர்களும் பிரமுகர்களும் அதில் நிறைந்திருந்தார்கள். மேசை தூக்கியவர்களில் பாதிப்பேர் இல்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2014இல் சட்டமாக்கியது. கனடிய நாடாளுமன்றம் 2016 ஒக்டோபர் 5ஆம் நாள் அதை ஒருமனதாக ஏற்றது. தைப்பொங்கல் வரும் மாதம், பொருத்தமான தேர்வுதான். ஆனால் தேர்ந்தவர்கள் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதிப் பனியைக் கணக்கில் எடுக்கவில்லை போலும். தொடக்க நாள் காலையில் மண்டபத்துக்கு வாசற்படி இருக்கிறதா என்றே தெரியவில்லை. நாங்கள் மேசைகளை இறக்கத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தேவாலயத்தின் பிலிப்பினோ இளைஞர்கள் பனி அள்ளும் சவலோடு வந்தார்கள். நாங்கள் கேட்கவேயில்லை. தம்பிமாரே, ஜூன் உங்கள் மரபுத் திங்கள். மேசை தூக்க எங்களைக் கூப்பிடுங்கள். அப்போது பனி இராது என்பதால் கடன் முழுதாகத் தீராது, தெரியும்.

பழைய பொருட்களை இரவல் தந்தவர்களில் ஓர் ஆச்சியைச் சொல்லியே ஆகவேண்டும். துவாயில் சுற்றி, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி ஒன்று கொண்டுவந்தார். பனையோலை கறுத்து, விளிம்பு பிய்ந்து, நைலோன் நூலால் தைத்திருந்தது. ‘மறைந்துவரும் பாவனைப் பொருள்’ என்று நான் எழுதி வைத்திருந்த சீட்டைப் பேரன் வாசித்துக் காட்டினான். “ஆர் சொன்னது? வெள்ளிக்கிழமை எனக்குப் புட்டு அவிக்க வேண்டும்” என்றார் ஆச்சி. சீட்டைக் கிழித்தேன். அந்த மாதம் முழுவதும் வியாழன் மாலை பெட்டி வீட்டுக்குப் போனது. சனி காலை ஈரம் காயாமல், தேங்காய்ப்பூ வாசத்தோடு கண்காட்சிக்குத் திரும்பியது. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் வெறும் மேசையைப் பார்த்துவிட்டுப் போனதற்கு என்னை மன்னிக்கவும்.

இன்னொருவரின் பெயர் எனக்குத் தெரியாது. கனடாவின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டது பற்றிய பலகையில், 1986 என்பதை 1968 என்று அச்சிட்டுவிட்டோம். மூன்று நாளாக யாருக்கும் கண்ணில் படவில்லை. நான்காம் நாள் வந்த வயதானவர் வெகுநேரம் அதன் முன் நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 68ஐ வெட்டி, மேலே 86 என்று எழுதி, ‘ஆகஸ்ட்’ என்றும் சேர்த்தார். அந்தப் படகில் வந்தவரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐயா, புதுப் பலகை அடிக்கவில்லை. உங்கள் கையெழுத்தோடேயே அதை வைத்திருக்கிறோம்.

மண்டபத்துக்குள் அடுப்பு மூட்டக்கூடாது என்று சொன்ன காவலாளி, வெளியே பானை வைத்தபோது காற்றுக்கு மறைப்பாக ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு பால் பொங்கும்வரை நின்றார். கண்டிப்பும் கருணையும் ஒரே ஆளிடம். பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய 40 மணித்தியாலத் தொண்டுக் கணக்குக்காக வந்த பிள்ளைகளுக்கும் நன்றி. கணக்கு முடிந்த பிறகும் வந்த மூவருக்கு இன்னொரு தடவை. தேநீர் தந்த அக்காமார் சீனியைக் குறைத்திருக்கலாம். மற்றபடி குறையில்லை.

ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு சுளகு, குழந்தையின் இடக்கைக் கையுறை ஒன்று ஆகியவை இன்னும் எங்களிடம் இருக்கின்றன. செம்பின் அடியில் ‘வ. க.’ என்று பொறித்திருக்கிறது. உரியவர்கள் மண்டபத்துக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவில் ஒருவன்