தேதி சொல்லுங்கள் ஐயா

எங்கள் பகுதி மின்பாதை, டிரான்ஸ்ஃபார்மர் வேலைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோட்டையூர்ப் பக்கம் பலகாரம் செய்து விற்கிறவள் எழுதுகிறேன். கூரை சோலாரை இணைக்கக் கேட்ட விண்ணப்பமும் பணம் கட்டிய ரசீதும் உங்கள் கோப்பில் இருக்கின்றன, திரும்ப ஒப்பிக்கவில்லை. "டிரான்ஸ்ஃபார்மர் லோடு தாங்காது, மேலே இருந்து அனுமதி வரட்டும்" என்று போன வாரம் வந்த பதில்தான் இப்படி எழுத வைத்தது.

கூரையில் சோலார் பேனல் மாட்டியாகிவிட்டது. நாங்கள் எடுக்கும் கரண்டையும் திருப்பி அனுப்பும் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்து நீங்கள் இணைக்காமல் ஓட்டக்கூடாது, ஓட்டவில்லை. மேலே பேனல் சும்மா வெயில் காய்கிறது. கீழே வோல்டேஜ் இறங்கி மாவு மெஷின் முனகியதும் டீசல் ஜெனரேட்டரைப் போடுகிறோம். புகை தேன்குழலில் ஏறக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினால், விறகடுப்பு முன் நிற்கும் பெண்களுக்கு மூச்சு முட்டுகிறது. அவர்களுக்காக வாங்கிய மின்அடுப்பு, பெட்டி பிரிக்காமல் மூலையில் கிடக்கிறது. வங்கித் தவணை, முழு கரண்ட் பில், டீசல் செலவு எல்லாம் மாதம் தவறாமல் வந்துவிடுகின்றன. வராதது உங்கள் ஆள் மட்டும்.

எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரை மாற்றும் தேதியைச் சொல்லுங்கள்.

பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. ஆக, வேகமாகக் கட்டத் தெரியாமல் இல்லை. பேனல் சீக்கிரம் எழுந்துவிடுகிறது, கம்பியும் துணைமின்நிலையமும்தான் பின்னால் நொண்டி வருகின்றன. 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய் சாராத 500 ஜிகாவாட், 2070-ல் கார்பன் வெளியேற்றம் நிகர பூஜ்ஜியம் என்று நாடு அறிவித்திருக்கிறதே, என் மீட்டர் அதில் எந்த வருடக் கணக்கில் வருகிறது? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நட்டு 1953-ல் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்தையே திறந்துவிட்டார்கள். அங்கே பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. கூப்பிடு தூரத்தில் நான் டீசல் கேனோடு நிற்கிறேன்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். ஆள் பற்றாக்குறையிலும் மழையில் கம்பம் ஏறும் லைன்மேன்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை. அனுமதி எந்த மேசையில் நிற்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் எந்தத் தேதியில் மாறும், இரண்டையும் எழுத்தில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தீபாவளி ஆர்டர் ஆவணியிலேயே தொடங்கிவிடும், அதற்கு முன்னால் தந்தால் உதவி. நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன், பதினோரு மணிக்கு மேல் என்றால் நல்லது. அதுவரை அடுப்படியை விட்டு நகர முடியாது.

இப்படிக்கு,
கோட்டையூர்ப் பக்கத்துப் பலகாரக்காரி