கடவுள் நம்மை மட்டும்தான் அழைக்கிறாரா? கொழும்பு மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாதர்மாருக்கும் சிஸ்டர்மாருக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும்,

உயிர்ப்புக் காலத்தின் நான்காம் ஞாயிறான நல்லாயன் ஞாயிறு வந்தால் குருமடத்துக்கும் கன்னியர் மடங்களுக்கும் பிள்ளைகள் வேண்டும் என்று மன்றாடுகிறோம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1964இல் தொடங்கிவைத்த வழக்கம் அது. நானும் முழு மனதோடுதான் மன்றாடுகிறேன். ஆனால் அந்த நாட்களில் வகுப்புகளில் சொல்லப்படும் ஒரு விஷயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மையான இறையழைத்தல், அதாவது குருவாகவோ துறவியாகவோ வாழக் கடவுள் விடுக்கும் அழைப்பு, கத்தோலிக்கத் திருச்சபைக்குள் மட்டுமே வருமாம். மற்றவர்கள் தங்கள் விருப்பத்துக்கு ஒரு வழியைப் பிடித்துக்கொண்டவர்களாம்.

என் மகளோடு படிக்கும் ஒரு பிள்ளையின் தாய்வழிக் குடும்பம் சைவம். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் இது புதினமில்லை. ஒரே வீட்டில் அந்தோனியார் படமும் முருகன் படமும் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அவளுடைய மாமா ஒருவர் துறவியானவர். அவரையும் கடவுள்தான் கூப்பிட்டாரா என்று அவள் கேட்டிருக்கிறாள். "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் வந்ததாம். பதில் சொன்னவரைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த "இல்லை" திருச்சபையின் போதனை அல்ல.

தொடக்கநூலில் வரும் மெல்கிசெதேக்கைப் பாருங்கள். ஆபிரகாமின் குலத்தவர் அல்லர், கடவுள் ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கைக்குள் வந்தவரும் அல்லர். ஆனாலும் உன்னத கடவுளின் குரு என்று அவரை விவிலியம் சொல்கிறது. ஆபிரகாம் அவரிடம் ஆசி பெற்றுப் பத்தில் ஒரு பங்கும் கொடுத்தார். 110ஆம் திருப்பாடலும் எபிரேயர் திருமுகமும் அவருடைய முறைமையை வைத்தே கிறிஸ்துவின் குருத்துவத்தை விளக்குகின்றன. திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறோம். நம் குருத்துவத்தைப் பற்றிப் பேசவே வெளியே இருந்த ஒரு குரு தேவைப்படுகிறார் என்றால், கடவுள் வெளியே யாரையும் அழைப்பதில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? எண்ணிக்கை நூலில், கூடாரத்துக்கு வராமல் பாளையத்திலேயே இருந்த எல்தாதும் மேதாதும் இறைவாக்கு உரைத்தபோது அவர்களைத் தடுக்கச் சொன்னவர் யோசுவா. மோசே தடுக்கவில்லை. ஆண்டவருடைய மக்கள் எல்லாருமே இறைவாக்கினராக இருந்தால் எவ்வளவு நல்லது என்றுதான் சொன்னார்.

சரி, மற்றக் கிறிஸ்தவ சபைகளுக்கு வருவோம். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த அங்கிலிக்கன் சபையின் குருப்பட்டங்கள் செல்லாதவை என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1896இல் அறிவித்தார். அந்த முடிவு இன்றும் அப்படியே இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது குருப்பட்டம் என்ற அருளடையாளம் செல்லுமா என்பது பற்றிய தீர்ப்பு. ஒருவரின் உள்ளத்தில் கடவுள் பேசினாரா என்பது வேறு கேள்வி. வகுப்புகளில் இவை இரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன, அதில்தான் கோளாறு. பொல்வத்தையில் இருக்கும் அங்கிலிக்கன் புனித மார்கரெட் கன்னியரின் துறவற வார்த்தைப்பாடு யாருக்குக் கொடுக்கப்பட்டது? 1939இல் மருதனார்மடத்தில் கிறிஸ்தவ ஆசிரமம் தொடங்கிய சேவக் செல்வரத்தினம் யாருடைய குரலுக்குப் பதில் சொன்னார்? உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய ஏட்டின் 15ஆம் எண்ணில், தூய ஆவியார் அந்தக் கிறிஸ்தவர்களிடமும் தம் கொடைகளோடும் அருளோடும் செயலாற்றுகிறார், சிலரை இரத்தம் சிந்தும் அளவுக்குத் திடப்படுத்தியிருக்கிறார் என்று சொல்கிறது. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையில் நம்மவர்கள் கொல்லப்பட்ட அதே காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் கொல்லப்பட்டதைப் பார்த்த நமக்கு, அந்த வரியை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாரேக் நகரத்துப் புனித கிரகோரியார் பத்தாம் நூற்றாண்டு ஆர்மேனியத் துறவி. உரோமையோடு ஒன்றிப்பில் இல்லாத சபையைச் சேர்ந்தவர். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது எல்லாருக்கும் போதனை ஆசானாக, அறிவித்தார். அவருடைய துறவறத்துக்கு அழைப்பு வரவில்லை என்று இனி யார் சொல்வது?

அந்தப் பிள்ளையின் கேள்வி இதைவிடக் கடினமானது, அவள் மாமா கிறிஸ்தவரே அல்லர். இங்கேதான் சுவாமி விபுலானந்தரை நினைக்கிறேன். 1892இல் காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்தவர், மட்டக்களப்பில் நம் குருக்கள் நடத்திய புனித மைக்கேல் கல்லூரியில் படித்தார், அங்கேயே கற்பித்தார். பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். லண்டன் பட்டம், நல்ல உத்தியோகம், ஊரில் மதிப்பு எல்லாம் இருந்தன. அத்தனையையும் விட்டு 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டார். திரும்பிவந்து கிழக்கிலும் வடக்கிலும் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தபோதும் துறவியாகவே வந்தார்.

நற்செய்தியைக் கேள்விப்படாதவர்களுக்குத்தானே கடவுள் வேறு வழி வைத்திருப்பார், இவர் நம் குருக்களைக் கிட்ட இருந்தே பார்த்தவராயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பாடசாலையில் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்பதும் அவரே ஆண்டவர் என்று மனச்சாட்சி உறுதிகொள்வதும் ஒன்றல்ல என்றே நான் நினைக்கிறேன். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது, அந்த மனிதர் தன்னை முழுதாகக் கொடுத்தார் என்பது. அப்படிக் கொடுக்கத் தூண்டியது தூய ஆவியார் அல்ல என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வத்திக்கான் சங்கத்துக்கும் அந்தத் துணிவு இருக்கவில்லை. நற்செய்திப் பணி பற்றிய அதன் 1965ஆம் ஆண்டு ஏட்டின் 18ஆம் எண்ணைத் திறந்து பாருங்கள். நற்செய்தி அறிவிக்கப்படுவதற்கு முன்பே பழைய பண்பாடுகளில் தவ வாழ்வின், தியான வாழ்வின் விதைகளைக் கடவுளே சிலவேளை விதைத்திருக்கிறார் என்று அது சொல்கிறது.

எல்லா வழியும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்துவே எல்லாருக்கும் மீட்பர், மீட்பின் நிறைவான வழிகள் அவருடைய திருச்சபையிடம் இருக்கின்றன என்பது என் விசுவாசம். என் பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன். பௌத்த பிக்கு ஒருவரிடம் போய் உங்களைக் கடவுள் அழைத்தார் என்று சொல்லவும் வேண்டாம். தம் துறவை அவர் அப்படிப் பார்ப்பதில்லை. நம் வகுப்பில் நம் பிள்ளைக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதே என் கவலை.

இப்படிச் சொன்னால் குருமடத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற பயம் சிலருக்கு உண்டு. எனக்கு அது புரியவில்லை. எல்லா இடத்திலும் கூப்பிடும் கடவுள் தன்னையும் கூப்பிடக்கூடும் என்று ஒரு பிள்ளை நம்புவது எப்படி நட்டமாகும்?

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. அடுத்த நல்லாயன் ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில், மற்றச் சபைகளிலும் சமயங்களிலும் கடவுளைத் தேடித் தங்களைக் கையளித்தவர்களுக்காக ஒரு மன்றாட்டைச் சேருங்கள். அப்புறம், அந்தப் பிள்ளையிடம் யாராவது ஒருவர் போய், உன் மாமாவைக் கடவுள் அழைத்திருக்கலாம், திருச்சபை அதை மறுக்கவில்லை என்று சொல்லுங்கள். அவள் இன்னும் ஞாயிறு தவறாமல் வகுப்புக்கு வருகிறாள்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்