முன்னாள் மாணவர் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தோம், வகுப்பறை மின்விசிறிகளைப் பழுது பார்த்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பிளஸ் டூ உயிரியல் வகுப்பில் நடந்த டி.என்.ஏ. ரேகைப் பயிற்சியைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவரின் டி.என்.ஏ. துண்டுகள் நீளவாரியாகப் பிரிந்து காட்டும் பட்டை வரிசையை வைத்து ஆளை அடையாளம் காண்பதுதான் டி.என்.ஏ. ரேகை.

பிள்ளைகள் பாடத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். பட்டைகள் எப்படிப் பிரிகின்றன என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஆய்வகக் கருவி வாங்க நம்மிடம் பணம் இல்லை. சரி, கையில் இருப்பதை வைத்துச் செய்வோம் என்றார் உயிரியல் ஆசிரியை. பிளாஸ்டிக் டப்பா, கடல்பாசி, சமையல் சோடா கரைத்த தண்ணீர், ஸ்டீல் கம்பி, ஐந்து 9 வோல்ட் பேட்டரிகள், டி.என்.ஏ.வுக்குப் பதிலாக உணவுச் சாயம். முதல் நாள் கடல்பாசியைக் குறைவாகப் போட்டுவிட்டோம், சாயம் விடுவதற்குக் குழி உண்டாக்கும் சீப்பை எடுத்ததும் குழிகள் உடைந்தன. மறுநாள் சரியாக வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் பச்சைச் சாயச் சொட்டு மெல்ல நகர்ந்து, மஞ்சள் முன்னேயும் நீலம் பின்னேயுமாகப் பிரிந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பும் எட்டிப் பார்த்தது. டி.என்.ஏ. துண்டுகளும் இப்படித்தான் நேர்மின் முனையை நோக்கி ஓடும், குட்டையானவை முந்தும் என்பதை அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

விஞ்ஞானி லால்ஜி சிங் பாம்புகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது கிடைத்த துண்டே, பின்னர் ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் அவர் நம் நாட்டுக்கான ரேகை எடுக்கும் முறையை உருவாக்க வழிவிட்டது என்பதையும் ஆசிரியை சொன்னார்.

அடுத்து இங்கிலாந்தின் லெஸ்டர் வழக்கு. 1984இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்த முறை, இரண்டு சிறுமிகளின் கொலை வழக்கில் பயன்பட்டது. ஒரு கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையனின் ரேகை பொருந்தவில்லை. இரண்டையும் செய்தது ஒரே ஆள், அது அவன் அல்ல என்று தெரிந்தது. உண்மைக் குற்றவாளிக்கு 1988இல் தண்டனை கிடைத்தது.

"செய்யாததை ஏன் சார் ஒத்துக்கிட்டான்?" என்று கடைசி பெஞ்சு மாணவி கேட்டாள். மணி அடித்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. பட்டைகள் பொருந்தாமல் போவதும் ஒருவரைக் காப்பாற்றும் சாட்சிதான் என்பது அவர்கள் மனதில் பதிந்ததை நேரில் பார்த்தேன்; இந்த ஆண்டு சங்கம் செய்ததில் இதையே பெரிதாக நினைக்கிறேன்.

வரும் ஆண்டில் உண்மையான டி.என்.ஏ.வைக் கொண்டே செய்து பார்க்க துண்டுகளைப் பிரிக்கும் ஒரு ஜெல் கருவியும், மிகச் சிறிதளவு திரவத்தை அளந்துவிடும் இரண்டு மைக்ரோபிப்பெட்டுகளும் தேவை. உதவ முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்