பழைய இடத்தில் பொருந்தாத வெல்டிங் ரோபோ: உங்கள் சேவைப் பிரிவு மீது புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர், சென்னை

ஐயா,

வணக்கம். போனிலும் மெயிலிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புது டிக்கெட் நம்பர் தருகிறீர்கள், பழையதை மூடிவிடுகிறீர்கள். அடுத்து பேசுகிறவரிடம் நான் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. தயவுசெய்து யாராவது ஒருவர் என் கோப்பைத் திறந்து படியுங்கள்.

தஞ்சாவூரில் என் பட்டறையில் டிராக்டருக்குக் கேஜ் வீல், அதாவது சேற்று வயலில் புதையாமல் ஓட மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரம், செய்கிறோம். 2008-ல் உங்களிடம் வாங்கிய வெல்டிங் ரோபோ நன்றாகத்தான் உழைத்தது. இனி அதற்கு உதிரிபாகம் வராது, மாற்றிவிடுங்கள் என்று கடிதம் அனுப்பியது நீங்கள்தான். உங்கள் ஆள் நேரில் வந்து டேப் வைத்து அளந்தார், போட்டோ எடுத்தார். அதே பாதுகாப்பு வேலிக்குள், ஜாப்பைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் அதே பொசிஷனரோடு, அதே வெல்டிங் மெஷினோடு புது ரோபோ உட்காரும், ப்ரோகிராம்களையும் மாற்றித் தருகிறோம் என்றார். கொட்டேஷனிலும் அப்படியே இருக்கிறது.

வந்த ரோபோவின் அடித்தட்டு ஓட்டைகள் தரையில் இருக்கும் பேஸ் பிளேட்டோடு சேரவில்லை. உங்கள் இன்ஜினியர் ஒரு போல்ட்டை விட்டுப் பார்த்தார், பாதி இறங்கி நின்றுவிட்டது. அதைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அப்புறம் நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வைத்தார்கள், ரோபோ அந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது. மாற்றித் தந்த ஒரே ஒரு ப்ரோகிராமை ஓட்டினால் டார்ச் நுனி ஜாயின்ட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கிறது. கீழே இறக்கிக் கொடுத்தால், கையின் நீளம் வேறு என்பதால் மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பி, டார்ச் கழுத்து கிளாம்பில் இடிக்கிறது. பொசிஷனரின் பழைய மோட்டாரை, ரோபோவை இயக்கும் புது கன்ட்ரோலர் பெட்டி ஓட்டாது என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார்கள். பழைய கன்ட்ரோலரும் உங்களுடையது, புதியதும் உங்களுடையது. ஒன்றின் மோட்டாரை இன்னொன்று ஓட்டுமா என்று நானா உங்களுக்குச் சொல்ல வேண்டும்?

வெல்டிங் மெஷினைப் புது கன்ட்ரோலரோடு பேசவைக்க இன்டர்ஃபேஸ் கார்டு வேண்டுமாம், அதற்குத் தனி விலை. வேலிக் கதவைத் திறந்தால் ரோபோவை நிறுத்தும் ஸ்விட்ச் இரட்டைச் சேனலாக (இரண்டு தனித்தனி சர்க்யூட்டோடு) இருக்க வேண்டுமாம், அதற்கும் தனி விலை. பாதுகாப்புக்கு வேண்டியதைப் போடத்தான் வேண்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அளக்க வந்த அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? அது போதாதென்று, புது ஸ்விட்ச் வரும் வரை கதவு ஸ்விட்ச்சுக்கு ஜம்பர் வயர் போட்டு, அதை வேலை செய்யவிடாமல் ஆக்கி ஓட்டச் சொன்னார் உங்கள் ஆள். அந்த வேலிக்குள் என் பட்டறை ஆட்கள் ஜாப் மாட்டி இறக்குகிறார்கள், ஐயா. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பழையதையாவது திரும்ப மாட்டி ஓட்டலாம் என்றால், எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி அதை முதல் நாளே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். ப்ரோகிராம் பேக்கப் எடுத்தாயிற்று என்றீர்கள். இப்போது கேட்டால் எந்த பேக்கப் என்று என்னையே கேட்கிறார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். உங்கள் சேவைப் பிரிவு மேலாளர் போனில் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "கோயம்புத்தூர், ஓசூர் ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கம் சார். உங்க ஏரியாவுக்கு ரோபோ கொஞ்சம் அதிகம். கையாலயே வெல்டிங் பண்ணிக்கலாமே?" இதுதான் அவர் வார்த்தை. பக்கத்தில் திருச்சியில் பெல் (BHEL) வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-லிருந்து இருக்கிறது. என் ஃபோர்மேன் திருவெறும்பூரில் பாய்லர் வெல்டிங் செய்து வந்தவர். உங்கள் இன்ஜினியர் டார்ச் கோணத்தைத் தப்பாக வைத்து அண்டர்கட் (வெல்டு ஓரத்தில் பள்ளம்) விழுந்தபோது அதைச் சுட்டிக்காட்டியவரே அவர்தான். அந்த மேலாளர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை நான் விடப்போவதில்லை.

அவரை நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்றுதான் உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே சென்னை வந்தேன். வரச் சொன்னவர் புனே போய்விட்டாராம். ரிசப்ஷனில் மதியம் வரை காத்திருந்ததற்கு ஒரு விசிட்டர் பாஸும் ஒரு கேட்லாக்கும் கிடைத்தன. நான் வாங்கிவிட்ட ரோபோவின் கேட்லாக்!

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள். தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டால் குறுவைக்குச் சேறு அடிக்க எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேஜ் வீல் வேண்டும். எங்கள் வருஷத்துச் சம்பாத்தியமே அந்த நாட்களில்தான். திருவாரூர், மன்னார்குடி டீலர்கள் முன்பணம் கொடுத்துவிட்டுத் தினமும் கூப்பிடுகிறார்கள். கையால் அடித்துக் கொடுத்தால் பாதிகூட எட்டாது. அவசரத்தில் ஒரு வெல்டு விட்டால் வண்டி நடுவயலில் புதைந்து நிற்கும், திட்டு எனக்குத்தான் விழும். இந்தப் பருவம் போனால் என் தொழிலே போயிற்று. இத்தனை வருஷப் பெயருக்கு நீங்கள் எத்தனை கோடி கொடுத்தாலும் ஈடாகாது.

உங்கள் ரோபோ மேல் எனக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது, அதனால்தான் மறுபடியும் உங்களிடமே வந்தேன். பொசிஷனர் மோட்டார், இன்டர்ஃபேஸ் கார்டு, கதவு ஸ்விட்ச் எல்லாவற்றையும் உங்கள் செலவில் போட்டு, எல்லா ஜாப்புக்கும் ப்ரோகிராம் ஏற்றி, என் ஃபோர்மேன் வெல்டைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே ரோபோ சரியாக ஓடுகிறது என்ற கமிஷனிங் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்குங்கள். முடியாதென்றால் ரோபோவை எடுத்துக்கொண்டு பணத்தை வட்டியோடு திருப்பித் தாருங்கள்.

தொழிலுக்கு வாங்கியது நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது என்று உங்கள் ஆள் தைரியமாகச் சொன்னார். 3 லட்சத்துக்கு மேற்பட்ட வியாபார வழக்குக்கு வணிக நீதிமன்றம் இருக்கிறது, அதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். கொட்டேஷன், போட்டோ, மெயில் எல்லாம் என் வக்கீலிடம் இருக்கின்றன. இந்தக் கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் பட்டறைக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்து வருவது நோட்டீஸ்தான். வருகிறவர் பேஸ் பிளேட்டின் வரைபடத்தையும் எங்கள் ப்ரோகிராம் பேக்கப்பையும் கையோடு கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
தஞ்சாவூர்