நடுவில் ஒரு துணி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். இதைப் போனில் ஆரம்பித்தால் பாதியில் என் குரல் அடைத்துக்கொள்ளும், நீயும் அழுதுவிடுவாய். அதனால்தான்.

பழைய போனைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதிலிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2020 மார்ச், ஏப்ரலில், அந்தக் கொரோனா நேரத்தில், உனக்கு நான் அனுப்பியதெல்லாம் சுவர் ஓவியங்கள். “என்னப்பா, திடீர்னு ஓவியத்தில் இறங்கிட்டீங்க?” என்று கேட்டிருந்தாய். நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

முதலில் அனுப்பியது மிலான் நகரத்துப் படம். ஹாயேஸ் என்ற ஓவியர் 1859இல் வரைந்த ‘முத்தம்’ அங்கே பிரேரா ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அந்தப் பிப்ரவரியில், ஊரே பயந்துபோயிருந்த நேரத்தில், டிவிபாய் என்ற தெரு ஓவியர் அந்தக் காதலர்களுக்கு மாஸ்க் மாட்டி, கையில் சானிடைசரும் கொடுத்துச் சுவரில் ஏற்றிவிட்டார். நல்ல படம்தான். ஆனால் அதில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. பிப்ரவரியில் இன்னும் சிரிக்க முடிந்தது.

அடுத்தது நார்வேயில், பிரீனே என்ற சின்ன ஊரில். நிஜப் பெயரை வெளியே சொல்லாமல் போபெல் என்ற பெயரில் வரைபவர் மார்ச்சில் வரைந்தது. ஓர் ஆணும் பெண்ணும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாஸ்க்கைக் கழற்றாமலே முத்தமிடுகிறார்கள். அவ்வளவுதான் படம். ஆனால் எத்தனை இரவு அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன் தெரியுமா? இரண்டு முகமும் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கின்றன, நடுவில் துணி. தொடவும் முடிகிறது, தொடவும் இல்லை. உன்னிடம் வீடியோவில் பேசும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் இருந்தது. கண்ணாடியில் உன் கன்னம் தெரியும். விரலை வைத்தால் திரை நகர்ந்துவிடும்.

இன்னொன்றும் அப்போது மனதை அறுத்தது. தெருவில் வரைகிறவனுக்குப் போகிற வருகிற ஜனங்கள்தான் எல்லாம். டிக்கெட் இல்லை, கதவு இல்லை, யாரும் நின்று பார்க்கலாம். அந்த மாதங்களிலோ தெருவில் ஆளே இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாமலேதான் வரைந்திருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு அவை போனில் வந்து சேர்ந்தன. எனக்கு ஒருவர் கடிதம் போட்ட மாதிரி இருந்தது, கயல்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

பாட்டி போன அன்று நீ வர வழியில்லை. விமானமே இல்லாத நேரம். போனில்தான் பார்த்தாய். படம் ஆடிக்கொண்டே இருந்தது, பாதி நேரம் தரைதான் தெரிந்தது என்று பிறகு அம்மாவிடம் சொன்னாயாம். அந்தப் போனைப் பிடித்திருந்தது நான்தான். கை நடுங்கியது. வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை, உன் முகம் அதற்குள் இருந்ததே. உன் பாட்டியை நீ கடைசியாக ஒழுங்காகப் பார்க்க முடியாமல் போனதற்கு என் கைதான் காரணம். இத்தனை வருஷமாக இதை உன்னிடம் சொல்லவில்லை. மன்னித்துக்கொள் அம்மா.

இப்போது ஒன்று கேட்கிறேன். நீ இருக்கும் லண்டனிலேயே கொரோனா நினைவுச் சுவர் ஒன்று இருக்கிறது. தேம்ஸ் கரையில், பாராளுமன்றத்துக்கு நேர் எதிரே, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளம். பிரிட்டனில் கொரோனாவில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயம். 2021 மார்ச் 29 அன்று, உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் முறையான அனுமதிக்குக் காத்திராமல் வரையத் தொடங்கினார்கள். இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல். அச்சு வைத்து அடித்தவை இல்லை, எல்லாம் கையால் போட்டவை. ஒன்று குண்டாக இருக்கும், ஒன்று கோணலாக இருக்கும், ஒன்றுக்குள் பொடி எழுத்தில் ஒரு பெயர்.

முதலில் பேனா மாதிரி இருக்கும் மார்க்கரால்தான் வரைந்தார்களாம். வெயிலிலும் மழையிலும் சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகி, பெயர்களும் மறையத் தொடங்கின. அப்புறம் தன்னார்வலர்கள் வாராவாரம் வந்து, சீக்கிரம் மங்காத பெயின்ட்டைத் தொட்டு ஒவ்வொரு இதயமாக மறுபடி தீட்டுகிறார்கள், பெயரையும் திரும்ப எழுதுகிறார்கள். அவர்களில் பலர் தாங்களே ஒருவரை இழந்தவர்கள். முன்பின் பார்த்திராத யாரோ ஒருவருடைய அம்மாவின் பெயரை, எழுத்துப் பிசகாமல், குனிந்து எழுதுகிறார்கள்.

பாட்டி அந்தக் கணக்கில் வரமாட்டாள், தெரியும். இருந்தாலும் ஒரு நாள் போய்விட்டு வா. அவசரமாக வேண்டாம், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து போ. பெயர் எழுதாத, வெளுத்துப்போன இதயம் ஒன்று கண்ணில் பட்டால் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நில். அங்கிருந்தே என்னைக் கூப்பிடு. இந்த முறை போனைப் பிடித்திருப்பது நீ. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்
அப்பா